பொருளுக்குப் பொருளா, வேலைக்கு வேலையா, காசா: விவசாயிக்கு எதில் மிச்சம்?

விவசாயத்தில் செலவு முதலில் வருகிறது, வரவு கடைசியில் வருகிறது. உழவு, விதை, எரு, ஆள் என்று பருவத்தின் தொடக்கத்திலேயே கை காலியாகிவிடும். விளைந்ததை விற்றுக் காசு பார்க்க மாதங்கள் ஆகும். நடுவில் கடன் வாங்கி ஓட்டினால் வட்டியும் சேர்ந்து செலவில் ஏறும். ஆனால் அதே மாதங்களில் காசைத் தவிர மற்றவை பல இடங்களில் சும்மா கிடக்கின்றன. ஒருவர் தொழுவத்தில் எரு குவிந்திருக்கும், அடுத்தவர் களத்தில் வைக்கோல் குவிந்திருக்கும். ஒருவருடைய டிராக்டர் வாரக்கணக்கில் கொட்டகையில் நிற்கும். பக்கத்து நிலத்துக்காரர் வீட்டில் பாடுபட மூன்று பேர் இருந்தும் உழ வண்டி இருக்காது. இவற்றை மாற்றிக்கொண்டால் செலவு குறையும் என்பது எல்லோருக்கும் தெரியும். எதை மாற்றிக்கொள்வது, எதற்குப் பேசாமல் காசு கொடுத்துவிடுவது என்பதில்தான் தடுமாற்றம். அதைத்தான் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறேன்.

மிச்சம் எங்கிருந்து வருகிறது?

மாற்றுக்குச் சம்மதிக்கும் முன் இரண்டு கணக்குப் போட வேண்டும். நான் கொடுக்கப்போவதை விற்றால் என் கையில் எவ்வளவு நிற்கும்? நான் வாங்கப்போவதைக் காசுக்கு வாங்கினால் எவ்வளவு ஆகும்?

வைக்கோலை வியாபாரியிடம் விற்றால் கட்டுக்கு 10 கிடைக்கிறது, மாடு வைத்திருப்பவர் அதே கட்டை வாங்கப் போனால் 14 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். இடையில் உள்ள 4 ஏற்றுகூலி, வண்டி வாடகை, வியாபாரியின் லாபம். இருவரும் நேரே பேசிக் கட்டை 12 என்று மதித்தால், ஆளுக்குக் கட்டுக்கு 2 மிச்சம். சரி, மாட்டுக்காரர் தூரத்தில் இருக்கிறார், கொண்டுபோய்ச் சேர்க்கவே கட்டுக்கு 4 ஆகிறது என்றால்? மிச்சம் மொத்தமும் வண்டியோடு போய்விட்டது. எருவும் வைக்கோலும் எடை அதிகம், மதிப்பு குறைவு; அவற்றைப் பக்கத்தில் இருப்பவரோடு மாற்றினால்தான் கட்டும். விதையும் தேனும் அப்படியில்லை, கொஞ்சம் தூரம் தாங்கும்.

பெரிய மிச்சம் வருவது, விற்றால் ஒன்றும் கிடைக்காத பொருளைக் கொடுக்கும்போது. தொழுவத்தில் இடமில்லாமல் எருவை எங்கே கொட்டுவது என்று திண்டாடுபவருக்கு அதைக் கொடுப்பதில் நஷ்டம் ஏதும் இல்லை. வாங்குபவருக்கோ உரச் செலவு குறைகிறது. வேலை ஓய்ந்த மாதத்து உழைப்பும் இப்படித்தான். இதற்கு நேர்மாறானது, நாலு பேர் கேட்டு வந்து காசு கொடுத்து வாங்கும் நல்ல தானியத்தை எடுத்து மாற்றுக்குக் கொடுப்பது. அதில் மிச்சம் சொற்பம், கையில் வரவேண்டிய காசும் வராது. கடன் தவணையையும் மின் கட்டணத்தையும் வைக்கோல் கட்டாகவோ எருவாகவோ யாரும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். அதனால் வருடத்துக்குக் காசாக எவ்வளவு வேண்டும் என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு வேண்டிய விளைச்சலை விற்பனைக்கு ஒதுக்கிவிட்டு மீதியில் மாற்றைப் பற்றி யோசியுங்கள்.

பொருளுக்குப் பொருள்

எல்லாவற்றிலும் எளிது இதுதான். இன்றே கொடுத்து இன்றே வாங்கிவிட்டால் கணக்கு எழுதும் வேலைகூட இல்லை. சண்டை வருவது அளவிலும் தரத்திலும்தான்.

தானியத்தையே எடுத்துக்கொள்வோம். 18 சதவீத ஈரத்தோடு ஒருவர் 1,000 கிலோ கொடுக்கிறார். அதில் ஈரம் போக இருப்பது 820 கிலோ. பத்திரமாகச் சேமிக்க 12 சதவீதத்துக்குக் காயவைத்தால் தராசில் சுமார் 932 கிலோதான் நிற்கும். கிட்டத்தட்ட 68 கிலோ தண்ணீரை மாற்றில் வாங்கியிருக்கிறோம், காயவைக்கும் உழைப்பு வேறு. கொடுத்தவர் ஏமாற்றினார் என்று சொல்ல முடியாது, அவர் தராசில் 1,000 கிலோ சரியாகத்தான் இருந்தது. எத்தனை சதவீத ஈரத்துக்கு இந்த எடை என்று முன்பே பேசியிருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஈரமானி ஒன்றை நாலைந்து பேர் சேர்ந்து வாங்கிவைப்பது நல்லது.

உலர்புல்லிலும் வைக்கோலிலும் கட்டுக் கணக்கை நம்பாதீர்கள். இயந்திரத்துக்கு இயந்திரம் கட்டின் நீளமும் இறுக்கமும் மாறும். பத்துக் கட்டை எடை போட்டுச் சராசரி எடுத்து, பிறகு கிலோவில் பேசுங்கள். கட்டின் நடுவில் கையை விட்டுப் பாருங்கள்: சூடாகவோ பிசுபிசுப்பாகவோ இருந்தாலும், புளித்த வாடை வந்தாலும் வேண்டாம். ஈரம் சுமார் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது கட்டிய புல் உள்ளே பூசணம் பிடிக்கும், சூடேறும். அடுக்கிவைத்த சில வாரங்களில் அது தானாகவே தீப்பற்றி எரிவதும் உண்டு. ஈரக் கட்டுகளை வாங்கிக் கொட்டகையில் அடுக்கினால் போவது புல் மட்டுமில்லை.

எருவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் கைமாறுவதும் அதுதான், குறைவாகச் சோதிக்கப்படுவதும் அதுதான். புதுச் சாணத்தில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். ஒரு டன்னில் நைட்ரஜன் சுமார் 5 கிலோ இருக்கும். மழையில் நனைந்து வெளியே கிடந்த குவியலில் அதிலும் ஒரு பகுதி கரைந்து போயிருக்கும். அதனால் எத்தனை டிரெய்லர் என்பதோடு பேச்சை முடிக்காமல், மூடி வைத்திருந்தாரா, எத்தனை மாதம் மக்கியது, கிளறிவிட்டாரா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மக்கும்போது குவியலின் உள்ளே 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் சில நாள் வெப்பம் நின்றிருந்தால் களை விதைகளும் நோய்க்கிருமிகளும் பெரும்பாலும் செத்துவிடும். ஓரத்தில் கிடப்பது அந்தச் சூட்டைப் பார்க்காது. கிளறி ஓரத்தை உள்ளே தள்ளியிருந்தால்தான் முழுக் குவியலும் சுத்தம். இல்லையென்றால் அடுத்தவர் நிலத்துக் களைகளை வண்டி வைத்து நம் நிலத்துக்குக் கொண்டுவந்ததாக ஆகும்.

இன்னொரு ஆபத்து கண்ணுக்கே தெரியாது. புல்வெளியில் அடிக்கும் களைக்கொல்லிகளில் அமினோபைராலிட், குளோபைராலிட் என்று சில உண்டு. அந்தப் புல்லைத் தின்ற மாட்டின் வயிற்றில் அவை சிதையாமல் அப்படியே சாணத்தில் வந்துவிடும், மக்கிய பிறகும் நிற்கும். அந்த எருவைப் போட்ட நிலத்தில் தக்காளி, அவரை, பட்டாணி வகைகளின் இலைகள் சுருண்டு கிண்ணம்போல் மடங்கும், விளைச்சல் போய்விடும். மாட்டுக்காரருக்கே இது தெரியாமல் இருக்கலாம், தீவனத்தை அவர் வெளியில் வாங்கியிருப்பார். இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை. எருவையும் நல்ல மண்ணையும் சரிபாதியாகக் கலந்து நாலைந்து தொட்டிகளில் அவரை விதையுங்கள். எரு சேராத மண்ணில் இன்னும் நாலைந்து தொட்டி. இரண்டு மூன்று வாரத்தில் இரண்டு வரிசையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எருத் தொட்டியில் மட்டும் இலை சுருண்டிருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

விதைக்கும் இதேபோல ஒரு சோதனை போதும். ஈரத் துணியில் 100 விதையைச் சுருட்டிவைத்து எத்தனை முளைக்கிறது என்று எண்ணுங்கள். 90 முளைக்கும் விதைக்கு ஒரு கிலோ என்றால், 70 முளைக்கும் விதையில் சுமார் 1.3 கிலோ கேட்பது நியாயம். வீரிய ஒட்டு ரகத்தில் எடுத்த விதை அடுத்த தலைமுறையில் தாயைப்போல வராது, அதை விதைக்கென்று மாற்ற வேண்டாம். பதிவு செய்து காக்கப்பட்ட ரகங்களைக் கைமாற்றுவதற்குப் பல நாடுகளில் சட்டக் கட்டுப்பாடும் உண்டு. ஆடு மாடு கோழி என்றால் புதிதாக வந்ததை மூன்று நான்கு வாரம் தனியாகக் கட்டிவைத்துப் பார்த்த பிறகே மந்தையில் சேருங்கள்.

வேலைக்கு வேலை

காசு கணக்கில் பார்த்தால் ஆள் மாற்று கூலியை மட்டும்தான் மிச்சப்படுத்துகிறது. உண்மையில் அதன் பெரிய லாபம் நேரம். மழை வரும் என்று தெரிந்து காய்ந்த புல்லை ஒருவர் ஆறு நாள் ஒண்டியாக அள்ள முடியாது; ஆறு பேர் ஒரே நாளில் அள்ளி முடித்துவிடுவார்கள். உழைத்த நேரம் இரண்டிலும் ஒன்றுதான். ஒன்றில் புல் நனைந்து வீணாகிறது, மற்றதில் கொட்டகைக்கு வந்து சேர்கிறது. கூட்டமாகச் செய்யவேண்டிய வேலை எதுவானாலும் நான் காசைவிட ஆள் மாற்றையே தேர்ந்தெடுப்பேன்.

ஆனால் எல்லோரும் ஒரே பயிர், ஒரே வாரத்தில் விதைத்தவர்கள் என்றால் இது திணறும். எல்லோருக்கும் ஒரே நாளில் ஆள் வேண்டும். கடைசி முறை வருகிறவரின் கதிர் முற்றி உதிரும், அல்லது மழையில் மாட்டும். மற்ற ஐந்து பேருக்கும் உழைத்துக் கொடுத்தும் அவருக்குத்தான் நஷ்டம். இதைச் சீட்டுக் குலுக்கித் தீர்ப்பார்கள் சிலர். எனக்கு அதில் திருப்தியில்லை. முதலில் விளைந்த நிலத்துக்கு முதல் முறை என்று வைத்து, விதைப்பையே நாலைந்து நாள் இடைவெளி விட்டுப் போடுவது நல்லது. அதுவும் முடியாத இடத்தில், கடைசி முறைக்காரருக்கு அடுத்த பருவத்தில் முதல் முறை என்று இப்போதே சொல்லிவிட வேண்டும். பயிர் வேறுவேறாக இருக்கும் கூட்டத்தில் இந்தத் தொல்லை பாதிகூட இராது. பழத்தோட்டக்காரருக்குக் கவாத்து நேரத்தில் ஆள் வேண்டும், தானியக்காரருக்கு அறுவடையில். இருவருடைய நெருக்கடியும் மோதிக்கொள்ளாது.

ஒட்டுக்கட்டத் தெரிந்தவரின் ஒரு மணி நேரமும் கல் பொறுக்குபவரின் ஒரு மணி நேரமும் ஒன்றா? அமெரிக்காவில் எட்கர் கான் 1980களில் பரப்பிய நேர வங்கி முறையில் ஒன்றுதான்; யார் செய்தாலும், எதைச் செய்தாலும் ஒரு மணிக்கு ஒரு மணி. சின்னக் கூட்டத்துக்கு நானும் அதையே சொல்வேன். திறமைக்குத் திறமை விலை வைக்கப் போனால் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பஞ்சாயத்து வேண்டியிருக்கும். திறமைக்காரர் வருவதையே நிறுத்திவிடுகிறார் என்றால் அவர் வேலையை மட்டும் ஒன்றரை மணியாக எழுதிக்கொள்ளலாம். வந்துபோகும் நேரம் கணக்கில் சேருமா, பாதி நாளில் மழை வந்து வேலை நின்றால் எப்படி, இவற்றை முதல் நாளே பேசிவிட வேண்டும்.

காயம் பட்டால் யார் பொறுப்பு என்பதும் முதல் நாள் பேச்சுதான். கூலிக்கு வந்தவருக்குக் கிடைக்கும் சட்டப் பாதுகாப்பு மாற்றுக்கு வந்தவருக்குக் கிடைக்காமல் போகலாம். பண்ணைக்குக் காப்பீடு இருந்தால், சம்பளமில்லாமல் வந்து உதவுபவரையும் அது சேர்த்துக்கொள்கிறதா என்று பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் மருத்துவச் செலவை எப்படிப் பகிர்வது என்று முன்கூட்டியே ஒத்துக்கொள்ளுங்கள்.

இயந்திரம் ஒருவருடையது, உழைப்பு மற்றவருடையது

மனக்கசப்பு அதிகம் வருவது இங்கேதான். கொடுப்பவர் டீசலை மட்டும் கணக்குப் பார்க்கிறார், வாங்குபவர் சும்மா நிற்கிற வண்டிதானே என்று நினைக்கிறார். இரண்டுமே முழுக் கணக்கில்லை. இயந்திரத்துக்கு வயதால் வரும் தேய்மானம் ஒன்று, ஓடியதால் வரும் தேய்மானம் ஒன்று. வயதால் வருவது வண்டி நின்றாலும் வரும், அதை உடையவரே ஏற்கட்டும். ஓட ஓட வருவது டயர், எண்ணெய், வடிகட்டி, பெல்ட், கொழுமுனை இப்படி. இதை வாங்குபவர் தாங்க வேண்டும். எனக்கு நியாயமாகப் படும் ஏற்பாடு: டீசல் வாங்குபவருடையது, ஓட்டுபவரின் ஒரு மணிக்கு வாங்குபவரின் ஒரு மணி உழைப்பு, ஓடிய மணிக்காகத் தேய்மானத்துக்கென்று இன்னும் கொஞ்சம் உழைப்பு. அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்பது போன வருடத்துப் பழுதுச் செலவை ஓடிய மணிகளால் வகுத்தால் தெரிந்துவிடும்.

ஓட்டுவது உடையவராகவே இருக்கட்டும். அவர் ஓட்டி உடைந்தால் அவர் பாடு. வேறொருவர் ஓட்டி உடைந்தால் அது தேய்ந்து உடைந்ததா, முரட்டுத்தனத்தால் உடைந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. இன்னொன்று, ஒரு நிலத்திலிருந்து கிளம்பும் முன் கலப்பையையும் சக்கரத்தையும் கழுவிவிடுங்கள். களை விதையும் மண்ணில் வாழும் நோயும் ஒட்டிய சேற்றிலேயே பயணம் போகும்.

இதைப் பெரிய அளவில் செய்து காட்டியவர்கள் உண்டு. ஜெர்மனியில் 1958இல் ஏரிஷ் கைர்ஸ்பெர்கர் தொடங்கிவைத்த இயந்திர வளையங்களில் இயந்திரம் அவரவர் சொத்தாகவே இருக்கும். யாரிடம் எது இருக்கிறது, யாருக்கு எப்போது வேண்டும் என்பதைப் பொது அலுவலகம் ஒன்று பொருத்திவிட்டு, நிர்ணயித்த கட்டணத்தில் கணக்கு வைக்கும். பிரான்ஸில் 1945 முதல் இயங்கும் கூமா கூட்டுறவுகளில் இயந்திரமே உறுப்பினர்களின் பொதுச் சொத்து. எதைச் சேர்ந்து வாங்கலாம் என்றால், எல்லோருக்கும் ஒரே வாரத்தில் தேவைப்படாததை. எரு தூவும் வண்டி, தானியம் சுத்தம் செய்யும் இயந்திரம், கிளைகளைப் பொடியாக்கும் இயந்திரம் இவை பொதுவில் நன்றாக ஓடும். ஒரே பயிர்க்காரர்கள் சேர்ந்து ஓர் அறுவடை இயந்திரம் வாங்கினால் யாருக்கு முதலில் என்ற பழைய சண்டை திரும்ப வரும், இந்த முறை கடன் தவணையோடு.

இரண்டு பேருக்கு மேல் போனால்

எனக்கு வேண்டியது உங்களிடமும், உங்களுக்கு வேண்டியது என்னிடமும், அதுவும் ஒரே சமயத்தில் இருந்தாக வேண்டும் என்பதே நேரடி மாற்றின் பெரிய இடைஞ்சல். பொருளியலாளர் ஜெவன்ஸ் 1875இலேயே இதை விளக்கியிருக்கிறார். இரண்டு பேர் இருக்கும்வரை நினைவை வைத்து ஓட்டலாம். மூன்று நாலு பேர் ஆனதும் ஒரு நோட்டு வேண்டும். 1983இல் கனடாவில் மைக்கேல் லிண்டன் தொடங்கிய உள்ளூர்ப் பரிமாற்ற முறையில் செய்வது இவ்வளவுதான்: கொடுத்தவர் கணக்கில் கூட்டு (வரவு), வாங்கியவர் கணக்கில் கழிவு (பாக்கி), எல்லோருடைய மீதியையும் கூட்டினால் எப்போதும் பூஜ்யம். நான் உங்களுக்கு எரு கொடுத்தால் நீங்களே எனக்குத் திருப்பித் தர வேண்டியதில்லை; நீங்கள் மூன்றாமவருக்குக் களையெடுக்கலாம், அவர் எனக்கு உழுது கொடுக்கலாம்.

இதற்கு இரண்டு கட்டுப்பாடு கட்டாயம் வேண்டும். ஒருவர் எவ்வளவு ஆழம்வரை கழிவில் போகலாம் என்று ஓர் எல்லை. இல்லையென்றால் வாங்கிக்கொண்டே இருந்துவிட்டு நிலத்தை விற்றுக் கிளம்புபவர் கடனை மற்றவர்கள் தலையில் கட்டிவிட்டுப் போவார். கூட்டில் குவிப்பவருக்கும் எல்லை வேண்டும், அவர் கணக்கைச் செலவழிக்க வழியில்லாமல் அலுத்துப்போய் விலகுவதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. நோட்டு எழுத நேரம் ஆகும், எழுதுபவருக்கு அந்த நேரத்தையும் கணக்கில் ஏற்றிக் கொடுங்கள். வரிக்கும் இந்த நோட்டு உதவும்: பல நாடுகளில் மாற்றாகப் பெற்ற பொருளையும் வேலையையும் சந்தை மதிப்பில் வருமானமாகவே கருதுகிறார்கள்.

காசு கொடுத்துவிடுவது நல்லது என்னும் இடங்கள்

ஒரு நாள் தவறினால் விளைச்சலே போகும் வேலை. பூச்சிமருந்து அடிப்பது, உயர மரம் வெட்டுவது, மின்சார வேலை போன்று உயிருக்கு ஆபத்தானவை. ரசீதும் உத்தரவாதமும் வேண்டியவை: சான்று விதை, கால்நடை மருந்து. இவற்றில் காசு கொடுத்தால் ‘இன்றைக்கே வா’ என்று கேட்கும் உரிமை கிடைக்கிறது. மாற்றில் அப்படிக் கேட்க வாய் வராது. ஏற்கெனவே வரப்புத் தகராறோ வாய்க்கால் தகராறோ இருக்கும் அண்டை நிலத்துக்காரரோடும் காசே மேல்.

யாருக்கு எது

மாடும் இல்லை, இயந்திரமும் இல்லை, புதிதாக நிலத்தில் இறங்கியவர் என்றால் உங்களிடம் இருப்பது உழைப்பு. அதை இயந்திரக்காரர் ஒருவரோடு மாற்றிக்கொள்வதே பெரிய மிச்சம், ஏனென்றால் இயந்திரம் வாங்கும் முதலீடே தள்ளிப்போகிறது. ஆனால் உங்கள் சொந்த நெருக்கடி வாரங்களை முன்பே நாட்காட்டியில் அடித்துவிட்டு மீதி நாட்களை மட்டும் வாக்குக் கொடுங்கள். கால்நடையும் பயிரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இருவருக்கு எருவுக்கு வைக்கோல் என்பதைவிட நல்ல மாற்று எனக்குத் தெரியவில்லை, தொட்டிச் சோதனையோடு. டிராக்டர் வைத்திருப்பவர் கடனில் வாங்கியிருந்தால் முதலில் காசுக்கு ஓட்டட்டும். தவணைக்குப் போக மீதி மணிகளை மாற்றுக்குத் தரலாம்.

புதிதாகத் தொடங்குபவர்கள் ஒரு பருவம் பொருள் மாற்றை மட்டும் செய்து பாருங்கள். ஒத்துவந்தால் அடுத்த பருவம் ஆள் மாற்று, அப்புறம் இயந்திரம். என்ன, எவ்வளவு, எந்தத் தரம், எந்தத் தேதிக்குள் என்று ஒரே பக்கத்தில் எழுதி ஆளுக்கு ஒரு படி வைத்துக்கொள்ளுங்கள், உறவினராக இருந்தாலும் சரி. அறுவடை முடிந்த வாரத்தில் எல்லோரும் உட்கார்ந்து நோட்டைப் பாருங்கள். யாருக்காவது பாக்கி நின்றால் அதைக் காசாகவோ தானியமாகவோ அன்றே கொடுத்துத் தீர்த்துவிட்டு, அடுத்த பருவத்துப் பக்கத்தைப் பூஜ்யத்தில் தொடங்குங்கள்.